சமையல் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம்

எங்கள் வீட்டுப் பழைய சமையல் மூலையில், தரையோடு தரையாக, ஒரு சிமெண்ட் மூடி இருக்கிறது. தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கம்பிக் காது. அதைச் சுற்றி ஒரு சாண் விட்டு மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டிருக்கும். கம்பெனிகளில் தீயணைப்பு சிலிண்டருக்குக் கீழே தரையில் போடுவார்களே, இங்கே எதையும் வைக்காதே என்று அர்த்தம், அதே கட்டம், அதே மஞ்சள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கண் அங்கேதான் போகும். கீழே புதையல் இருக்கிறது, அதற்காகத்தான் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன் என்று சொல்லுவேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் சிரிக்காமல் மூடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கீழே ஓடுவது எங்கள் தெருவின் கழிவுநீர். தெருவின் மேல்பாதியில் யார் குளித்தாலும், யார் கக்கூசுக்குப் போனாலும், அது என் வீட்டு அடுப்புக்கு எதிரே தரைக்கடியில் திரும்பி, சுவரைத் தாண்டி, மெயின் ரோட்டுக்குப் போகிறது. சாம்பார் கொதிக்கும் சத்தம் அடங்கினால் அந்தச் சத்தம் லேசாகக் கேட்கும். வாடை வராது. வந்தால் சூப்பர்வைசர் அரூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவார்.

அவரை நாங்கள் எல்லாரும் சூப்பர்வைசர் என்றுதான் சொல்வோம். எங்கள் தெருவுக்கு அவர் வந்தபோது கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவர் போனதில் உண்மையில் ஓய்வு கிடைத்தது கம்பெனிக்குத்தான் என்பது என் கட்சி. மனைவி சொந்த ஊரான அரூரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு மட்டும் சைரன் சத்தம் கேட்காமல் தூக்கம் வராது போல, ஓசூரிலேயே இந்த ஒற்றை அறை வீட்டைக் கட்டித் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் சட்டையை உள்ளே விட்டு, பாக்கெட்டில் இரண்டு பேனாவோடு, எங்கள் சந்தின் மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடி வரை ஒரு ரவுண்டு வருவார். பார்ப்பதற்கு, சந்து முழுவதும் மெஷின்கள் நிற்பதைப்போலவும் அதில் ஏதோ ஒன்று எண்ணெய் ஒழுகுவதைப்போலவும் இருக்கும்.

எங்கள் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஏரிக்குப் போகும் கால்வாயின் கரையில், ஒருவர் பின் ஒருவராக வந்து ஷீட் போட்டு உட்கார்ந்த இடம். மேல்கோடியில் மூடிப்போன கம்பெனியின் காம்பவுண்டு சுவர். கீழ்க்கோடியில் மெயின் ரோடு, அங்கே ஒரு பொதுக்குழாய். பாகலூர்ப் பக்கம், தளிப் பக்கம், தருமபுரி, சேலம் என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. சண்டை தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சூடேறி, கன்னடத்தில் சமாதானமாகும்.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். வரும்போது குடங்களின் வரிசையில் அடிதடியும் வரும். சூப்பர்வைசர் வந்த புதிதில் முதலில் கை வைத்தது அங்கேதான். மஞ்சள் பெயிண்ட் வாங்கிவந்து, தரையில் வரிசையாகக் கட்டம் போட்டார். ஒரு கட்டத்துக்கு ஒரு குடம். பெண்களெல்லாம் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மறுமுறை தண்ணீர் வருகிற நேரத்தில், எங்கள் தெரு நாய்க்கு பிஸ்கட்டைக் காட்டி, கூட்டிவந்து முதல் கட்டத்துக்குள் உட்கார வைத்தேன். அது சமர்த்தாக உட்கார்ந்தது. சூப்பர்வைசர் வந்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வரிசையில வந்துச்சா?"

"வந்துச்சுங்க சார். எல்லாருக்கும் முன்னாடியே வந்துருச்சு."

"அப்ப சரி. மொதல்ல அதுக்கு ஊத்துங்கம்மா. அடுத்த கட்டம் வாங்க."

நாய்க்கு ஒரு சட்டி தண்ணீர் ஊற்றப்பட்டது. என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கட்டத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. நாயும் வரிசைக்கு வரத் தவறியதில்லை.

அவரிடம் இன்னொரு வியாதி இருந்தது. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கு ஏன் என்பார். கம்பெனியில் ஏதாவது கெட்டுப்போனால் அடி வேர் கிடைக்கும்வரை ஏன், ஏன் என்று தோண்டிக்கொண்டே போக வேண்டுமாம். நான் படிப்பை நிறுத்தியதையும் ஒருநாள் அப்படித் தோண்டினார்.

"பத்தாவதோட ஏன்டா நின்ன?"

"பெயிலுங்க சார்."

"ஏன் பெயிலு?"

"கணக்குப் பரீட்சைக்குப் போகல."

"ஏன் போகல?"

"அன்னிக்குத் தண்ணி லாரி வந்துருச்சுங்க சார்."

நான் கிண்டலுக்குத்தான் சொன்னேன். போயிருந்தாலும் பெயில்தான் ஆகியிருப்பேன். ஆனால் லாரி வந்தது உண்மை, குடத்தோடு நான் ஓடியதும் உண்மை. அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஏனையும் கேட்கவில்லை. நான் பார்த்து அவர் பாதியில் நிறுத்திய ஒரே ஏன் அதுதான்.

எங்கள் வீடு மேல்கோடியில், காம்பவுண்டு சுவரை ஒட்டி இருந்தது. அம்மா, அக்கா, நான். சந்தில் அவ்வப்போது மண் கொட்டி மேடாக்கியதில், எங்கள் வீடும் பக்கத்தில் இருந்த சில வீடுகளும் தெருவுக்குக் கீழே பள்ளத்தில் போய்விட்டன. அக்கா ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது கையில் ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துப்போவாள். மாலையில் அந்த பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வரும். கம்பெனியில் கக்கூஸ் உண்டு. ஆனால் லைனில் உட்கார்ந்தால் எழுந்து போக ஆயிரம் கேள்வி. வீட்டுக்கு வந்தால் கக்கூசே கிடையாது. பெண்களெல்லாம் விடிவதற்கு முன் சேர்ந்து ஏரிக்கரை முள்ளுக்குள் போய் வர வேண்டும், அதற்கப்புறம் இருட்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சுலபமான வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது. "உன் பாட்டிலுக்குத் தினமும் ஊர் சுத்திப் பாக்கிற யோகம்" என்று நான் அவளைக் கேலி செய்வேன். ஒருநாள் லைனிலேயே மயங்கி விழுந்தாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் போட்டோம். டாக்டரம்மா, இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "குடிக்கச் சொல்றாங்க, போறதுக்கு எங்கன்னு சொல்லல" என்றாள். அதற்கப்புறம் பாட்டிலைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சியிலிருந்து ஒரு என்ஜினியர் மேடம் வந்தார். குழாயடியில் கூட்டம் கூடியது. முதலில் பொதுக் கழிப்பிடம் என்றுதான் பேச்சு வந்தது. கீழ்க்கோடியில் பூக்கட்டி விற்கிற அக்கா ஒருவர் இருந்தார், பாகலூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு கலந்துவிடும். அவர் எழுந்தார்.

"பொதுவுல கட்டினா மொத மாசம் திறப்பு விழா, ரெண்டா மாசம் பூட்டு. கழுவறது யாருன்னு சண்டை போட்டே செத்துருவோம். ஒத்துமா, அது வேணாம். வீட்டு வீட்டுக்குக் குடுங்க. எங்க வீட்டுது நாங்க கழுவிக்கிறோம்."

பெண்கள் பக்கமெல்லாம் ஆமாம் ஆமாம் என்றது. இடமில்லாதவர்கள் இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று கட்டிக்கொள்வதாகவும் அங்கேயே முடிவானது. மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"பைப்பும் சேம்பர் தொட்டியும் நாங்க தர்றோம். ரோட்ல இணைப்பும் குடுக்கறோம். தெருவுக்குள்ள பள்ளம் நீங்க எடுக்கணும். மழைக்கு முன்னாடி நான் வந்து மேல தண்ணி ஊத்திப் பார்ப்பேன். நிக்காம கீழ வந்துச்சுன்னா உங்களுக்கு. நின்னுச்சுன்னா பைப் எல்லாம் அடுத்த காலனிக்குப் போயிரும், அவங்களும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

சூப்பர்வைசரின் முகத்தில் அன்று நான் பார்த்த ஒளியை வேறு யாரிடமாவது கல்யாணத்தன்றுதான் பார்க்க முடியும். மறுநாளே சுவரில் சார்ட் எழுதிவிட்டார். சந்தில் பாதிப்பேர் காலை ஷிப்ட், பாதிப்பேர் மதிய ஷிப்ட். காலை ஷிப்ட்காரர்கள் வேலை முடிந்து வந்து, மாலையில் கீழ்க்கோடியிலிருந்து மேலே தோண்டிக்கொண்டு வர வேண்டும். மதிய ஷிப்ட்காரர்கள் காலையில் மேல்கோடியிலிருந்து கீழே தோண்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் சந்திப்பு. நான் அப்போது மதிய ஷிப்ட் காண்டிராக்ட் ஆள், ஆகவே மேல் அணி. பெண்கள் மண் சுமந்தார்கள். பூக்கார அக்கா இரண்டு அணிக்கும் டீ போட்டார், எங்களுக்கு மட்டும் சர்க்கரை குறைவு என்பது இன்றைக்கும் என் குற்றச்சாட்டு.

இதில் ஒரு கோளாறு. ஓசூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு ஷிப்ட்காரன் இன்னொரு ஷிப்ட்காரனோடு பேசுவது ரத்தத்திலேயே கிடையாது. முந்தின ஷிப்ட் என்ன கெடுத்து வைத்தது என்று திட்டுவான், கேட்க மாட்டான். நாங்கள் காலையில் தோண்டிவிட்டுப் போகும்போது, கீழ் அணியின் பள்ளத்தில் ஒரு மண்வெட்டியை ஆளைப்போல் படுக்கவைத்து, மேலே துணி போர்த்தி, 'தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதிவைப்பேன். மாலையில் அவர்கள் எங்கள் பள்ளத்தில் கயிறு கட்டிய ஒரு வாளியைத் தொங்கவிட்டுப் போவார்கள், நாங்கள் கிணறு வெட்டுகிறோமாம். யார் முதலில் நடுவுக்கு வருகிறார்கள் என்று பிரியாணிப் பந்தயம் வேறு. எவ்வளவு ஆழம், எவ்வளவு சரிவு என்று ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூப்பர்வைசர் வீட்டுக்கு எதிரே, இரண்டு பள்ளமும் சந்தித்தன. எங்கள் பள்ளத்தின் அடி கீழே இருந்தது. அவர்கள் பள்ளத்தின் அடி அதற்கு ஒரு முழம் மேலே இருந்தது. மேலேயிருந்து வருகிற தண்ணீர் அங்கே நின்று, படி ஏறி, அப்புறம் ரோட்டுக்குப் போக வேண்டும். எல்லாரும் பள்ளத்தின் இரண்டு பக்கமும் நின்று உள்ளே பார்த்தோம். பூக்கார அக்காதான் முதலில் வாய் திறந்தார். "ஏமிரா இது, தண்ணிக்கு ஏணி வெக்கணுமா?"

சத்தம் ஆரம்பித்தது. நாங்கள் அளவுக்கு மேல் தோண்டிவிட்டோம் என்று அவர்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று நாங்கள். மேடம் வர இன்னும் சில நாள்தான். கீழ்ப்பாதியை ஆழப்படுத்தலாம் என்றால், அங்கே நடுவில் கருங்கல் பாறை. வெடிவைத்தால் ஷீட் வீடுகள் நிற்காது. உளியால் உடைத்தால் மழைக்கு முன் முடியாது. கீழ் அணியில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

"மேல்பாதியை ஒரு முழம் மண்ணு போட்டு ஏத்திட்டா ஓட்டம் வந்துரும். மேல அந்தப் பள்ளத்து வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் கனெக்சன் வராது. அவங்களுக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம். ஒண்ணு ரெண்டு வீட்டுக்காக மொத்தமும் போயிடக் கூடாதில்ல?"

பள்ளத்து வீட்டுக்காரர்கள் என்றால் நாங்கள். அக்கா அன்று லீவு. மண்சட்டியை இடுப்பில் வைத்தபடி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வாயில் எப்போதும் ரெடியாக இருக்கிற வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. கூட்டத்தில் சில தலைகள் மெல்ல ஆடத் தொடங்கின. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டிலும் அக்காக்கள் இருந்தார்கள்.

அப்போது சூப்பர்வைசர் பள்ளத்துக்குள் இறங்கினார். சட்டை உள்ளே விட்டபடி, பேனாக்களோடு. அந்தப் படியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது ஏன் ஒசந்திருக்குது?"

"பாறைங்க சார்" என்றார் கீழ் அணிக்காரர்.

"பாறை வந்தா நிறுத்திட்டுச் சொல்லணும். ஏன் மேல ஏறிப் போனீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னமுங்க சார்."

"யாருகிட்ட?"

சூப்பர்வைசரே சொன்னார். "எங்கிட்ட. நான்தான் மேல ஏத்திட்டுப் போங்கன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்? தேதி போயிரும்னு. சரி, அதை ஏன் காலையில தோண்டறவங்ககிட்டச் சொல்லல?" பாக்கெட்டிலிருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டார். "சார்ட்டு தப்பாயிரும்னு சொல்லல. நான் எழுதின சார்ட்டு."

பள்ளத்துக்குள் நின்றதால் எங்கள் எல்லாருடைய காலுக்கும் கீழே இருந்தது அவருடைய தலை. சந்தில் அத்தனை பேரையும் விரட்டிய மனுஷன். அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு என்னுது. உங்க வீட்டு லைனை எடுத்துத் தப்பைச் சரிபண்ணக் கூடாதும்மா."

மேலே ஏறி வந்து தன் வீட்டுக்குள் போனார். கடப்பாரையோடு வெளியே வந்தார். பாறை தன் வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுகிறது, அதற்கு அந்தப் பக்கம் மண்தான், அஸ்திவாரம் போடும்போதே பார்த்திருக்கிறேன் என்றார். லைனை இங்கே திருப்பித் தன் வீட்டுக்குள் விட்டு, பின்சுவர் வழியாக வெளியே எடுத்து, கால்வாய் ஓரமாகவே ரோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். கீழ்ப்பாதி வீடுகளுக்கு ஏற்கெனவே எடுத்த பள்ளமே போதும். திரும்புகிற இடத்தில், அடைப்பு எடுக்க, மூடி போட்ட ஒரு சேம்பர் வேண்டும். அது சரியாக அவர் அடுப்பு இருக்கிற மூலையில் வரும்.

"சார், வீட்டுக்குள்ளயா? சோறாக்கற எடத்துலயா?" என்றார் பூக்கார அக்கா.

"எனக்குப் பொங்கித் திங்க இன்னொரு மூலை இருக்குதும்மா. நாலு மூலை வெச்சுத்தானே கட்டியிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "சார், அப்ப இன்னிமே நாங்க எல்லாரும் காலையில உங்க வீட்டுக்குத்தான் வர்றோம்."

"வாடா. வரிசையில வா."

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்போடுதான் கீழ் அணியில் ஒருவர் அவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்தத் தரைக்குச் சூப்பர்வைசரே சிவப்பு ஆக்சைடு போட்டு மெழுகி வைத்திருந்தார், செருப்போடு யாரையும் விடமாட்டார். அதை நாங்கள் உடைத்தோம். இரண்டு ஷிப்ட்டும் சேர்ந்து உடைத்தது. ஷிப்ட் மாறும்போது பள்ளத்தில் நின்று ஒருவருக்கொருவர் ஆழம் சொல்லிவிட்டுத்தான் கலைய வேண்டும் என்று புதுச் சட்டமும் வந்தது. அந்தச் சில நாட்களும் அவர் வெளியே கல் கூட்டிச் சமைத்தார். பூக்கார அக்கா குழம்பு கொடுத்தனுப்பினால், உப்பு ஏன் கூட என்று கேட்டனுப்புவார்.

மேடம் வந்தார். பைப்பைப் பதித்து மண் மூடாமல் வைத்திருந்தோம். மேல்கோடியில் எங்கள் வீட்டிலிருந்துதான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், அதுதான் கடைசி வீடு, அங்கே சரியானால் எல்லாம் சரி. அக்கா ஒரு வாளியில் மஞ்சள் பொடியைக் கலந்து ஊற்றினாள். நாங்கள் எல்லாரும் மஞ்சள் தண்ணீருக்கு முன்னால் கீழே ஓடினோம். அவர் வீட்டுச் சேம்பருக்குள் அது வந்து, ஒரு சுற்று சுற்றி, நிற்காமல் திரும்பிப் போனதை நான் குனிந்து பார்த்தேன். ரோட்டிலிருந்து பூக்கார அக்காவின் குரல் கேட்டது. "வச்சேசிந்தி, வந்துருச்சு, மஞ்சளாவே வந்துருச்சு." சரி, மூடியைப் போட்டுவிடுங்கள் என்றார் மேடம். சூப்பர்வைசர் குழாயடியில் மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவைத் தேடிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் கட்டி முடித்த பிறகு ஒரு மாலை அக்கா வேலையிலிருந்து வந்து பையை வைத்தாள். பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது, காலி. எடுத்து உள்ளே வைத்தேன். கேலி எதுவும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் சில வருஷங்கள் சூப்பர்வைசர் அந்த மூடிக்கு எதிர் மூலையில்தான் சமைத்தார். மாதம் ஒருமுறை, முறை வைத்து, இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து மூடியைத் திறந்து சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். அவர் கூடவே நின்று ஏன் ஏன் என்று உயிரை எடுப்பார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அரூருக்குக் கிளம்பியபோது வீட்டை வாடகைக்கு விட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். அக்காவுக்குத் தேன்கனிக்கோட்டையில் கல்யாணம் ஆகியிருந்தது, எனக்கும் பெண் பார்த்திருந்தார்கள். சூப்பர்வைசர் போட்ட ஒரே நிபந்தனை, மஞ்சள் கட்டத்துக்குள் எதையும் வைக்கக்கூடாது.

என் மனைவி தளிப் பக்கம். கோபமோ சந்தேகமோ வந்தால் கன்னடம்தான் வரும். கல்யாணமாகி வந்த வாரம், சீராக வந்த பீரோவை அந்த மூலையில் வைக்கலாம் என்றாள். அங்கே மட்டும்தான் அது பொருந்தும். நான் கூடாது என்றேன்.

"யாக்கே?" என்றாள். ஏன் என்று அர்த்தம்.

"மூடியைத் தொறக்கணும்."

"யாக்கே தொறக்கணும்?"

"மாசா மாசம் அடைப்பு எடுக்கணும்."

"யாக்கே நம்ம வீட்ல?"

"இங்க அடைச்சா மேல்கோடி வரைக்கும் நின்னுரும்."

"மேல்கோடியில நின்னா நமக்கு என்ன? யாக்கே?"

"அங்கதான் எங்க அக்கா இருந்தா. அவ பாட்டில் தண்ணி தெனமும் அப்படியே திரும்பி வரும்."

அவள் அடுத்த யாக்கேயைக் கேட்கவில்லை. பீரோ இப்போது வாசலை ஒட்டி நிற்கிறது. யார் வந்தாலும் ஒருக்களித்துத் திரும்பித்தான் உள்ளே வர வேண்டும்.

போன வாரம் கட்டத்தின் மஞ்சள் மங்கிவிட்டது என்று அவளே பெயிண்ட் வாங்கிவரச் சொன்னாள். அவளே உட்கார்ந்து கோடு போட்டாள். நான் போட்டோ எடுத்து அரூருக்கு அனுப்பினேன். சூப்பர்வைசருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் உடனே பதில் வந்துவிட்டது.

"ஒரு பக்கம் கோடு ஏன் கோணலா இருக்குது?"